வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்த வீட்டுக்கு யாராகப் போவது?

வீடற்றவர் என்றதும் புறக்கோட்டை பஸ் நிலையத்து வாங்கில் படுத்திருப்பவர்தான் கண்முன் வருவார். அவருக்கான வேலையும் உண்டு, அதற்குப் பிறகு வருவோம். ஆனால் கொழும்பில் வீடு போய்விடுமோ என்ற பயத்தோடு வாழ்பவர்களில் மிகப் பலர் இன்னும் ஒரு கூரைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். கிராண்ட்பாஸ், மாளிகாவத்தை, வனாத்தமுல்ல, மட்டக்குளி, கொம்பனித்தெருப் பகுதிகளில் தோட்டம் என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலும், கால்வாய்க் கரைகளிலும், ரயில் பாதை ஓரங்களிலும், வெள்ளவத்தை அனெக்ஸ் அறைகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். வசதி குறைந்த குடியிருப்புகள் என்று நகர அபிவிருத்தி அதிகார சபை கணக்கெடுத்தவற்றில் மட்டும் 68,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன.

இவர்களோடு நின்று வேலை செய்ய வேண்டும் என்று உயர்தரம் முடித்த பிள்ளைகள் கேட்கும்போது, "சமூகப்பணி படியுங்கள்" என்ற ஒரே பதில்தான் வழக்கமாகக் கிடைக்கிறது. அந்தப் பதில் பாதிதான் சரி. ஒரே வாசலுக்குக் கிராம உத்தியோகத்தரும் வரலாம், தொண்டு நிறுவனக் கள உத்தியோகத்தரும் வரலாம், சட்டத்தரணியும் நகரத் திட்டமிடலாளரும் வரலாம். ஆனால் ஒருவர் செய்யக்கூடியதை மற்றவரால் செய்ய முடியாது. அந்த வித்தியாசம் தெரியாமல் படிப்பைத் தெரிவு செய்தவர்கள், நான்கு வருடம் கழித்துத் தவறான மேசையில் உட்கார்ந்திருப்பதை உணர்கிறார்கள்.

எனவே ஒரே வீட்டை வைத்து ஒப்பிடுவோம்.

ஒரு பொலித்தீன் பை

கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஓர் அறை, பலகைத் தட்டுப் போட்டு மேலே ஓர் அறை. அம்மா, கல்யாணம் முடித்த மகன், கல்யாணம் முடித்த மகள் என்று உள்ளே மூன்று குடும்பங்கள். கதவில் சிங்களத்தில் ஒரு கடிதம் ஒட்டியிருக்கிறது. அம்மா அலுமாரிக்கு மேலிருந்து பொலித்தீன் பையை எடுத்துப் பாயில் கொட்டுகிறார். கரண்ட் பில், தண்ணீர் பில், வாக்காளர் இடாப்பின் பிரதி, எண்பதுகளில் வீடமைப்பு அதிகார சபை கொடுத்த மங்கிப்போன அட்டை, முத்திரைக்கு மேல் கையெழுத்துப் போட்டு ஒருவரிடமிருந்து இன்னொருவர் வீட்டை வாங்கிய கடிதம்.

"மகன், இதுல எது செல்லும்?" என்று வந்தவரிடம் கேட்கிறார்.

இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு மேசையிலும் வேறு பதில். அரச காணிகள் மீட்புச் சட்டத்தின் கீழ் நீதவான் முன்னால் போனால் அந்தக் கரண்ட் பில்லுக்கு மதிப்பே இல்லை. மீள்குடியேற்றக் கணக்கெடுப்பில் அதே பில்தான் குடும்பத்தைப் பட்டியலில் சேர்க்கும். வீட்டுக்காரர் பூட்டை உடைத்துச் சாமானை வெளியே போட்டுவிட்டார் என்ற வழக்கிலும் அதே பில் முதல் சாட்சி. எந்தக் காகிதம் எங்கே செல்லும் என்பதை அறிந்து, சரியான இடத்துக்குச் சரியான நாளுக்குள் கொண்டுபோவதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. பதவி எதுவானாலும் இது மாறாது.

அரச உத்தியோகம்: கையெழுத்தின் பலம்

கிராம உத்தியோகத்தர் பதவிக்கு உயர்தரத் தகுதியும் போட்டிப் பரீட்சையும் வேண்டும். வயது 21 முதல் 35 வரை, பிரதேசத்தில் நிரந்தர வதிவும் காட்ட வேண்டும். பட்டதாரிகளுக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூக சேவைகள் உத்தியோகத்தர் என்று பிரதேச செயலகத்துக்குள் வேறு கதவுகளும் உண்டு. சம்பளம் நின்றுபோகாது, ஓய்வூதியத்துக்கும் வழி உண்டு. வீட்டில் பெரியவர்கள் இந்த வழியைத்தான் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

வெளியே இருப்பவர்கள் குறைத்து மதிப்பிடுவது, ஜி.எஸ். என்று அழைக்கப்படும் இந்தக் கிராம உத்தியோகத்தர் போடும் ஒரு கையெழுத்தின் எடையை. தேசிய அடையாள அட்டை விண்ணப்பம் அவர் வழியாகத்தான் போகிறது. வதிவுச் சான்றும் அவர் கையில்தான். அடையாள அட்டை இல்லாதவருக்கு வங்கிக் கணக்கு இல்லை, வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு கைக்கு வந்து சேராது. விலாசம் இல்லை என்பதால் அட்டை இல்லை, அட்டை இல்லை என்பதால் எதுவுமே இல்லை என்ற இந்தச் சுற்றை உடைக்கக்கூடிய முதல் ஆள் ஜி.எஸ்.தான். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் தேடுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதிவே இல்லை என்று எழுத்தில் வந்தால் உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போக வேண்டும். இந்த வரிசை தெரிந்த உத்தியோகத்தர் கிடைத்தால் வேலை சில மாதங்களில் முடியும். தெரியாதவரிடம் மாட்டினால் "பேர்த் செட்டிபிக்கேட் கொண்டு வாங்க" என்ற ஒரே வசனத்தைக் கேட்டுக் கேட்டே வருடங்கள் ஓடிவிடும்.

ஆனால் மேலே சொன்ன கடிதம் கதவில் ஒட்டப்படும்போது இதே உத்தியோகத்தரால் அதை எதிர்த்து எதுவும் செய்ய முடியாது. அரச ஊழியர்களுக்கான விதிகளைச் சொல்லும் தாபனக் கோவை அவர் வாயைக் கட்டிவிடும். சில நேரம் வீடுகளை அடையாளம் காட்ட அவரையே கூட்டிப்போவார்கள். இடமாற்றமும் வரும். பத்து வருடம் தெரிந்துகொண்ட தோட்டத்தை விட்டுப் போக வேண்டியிருக்கும். அநியாயத்தைப் பார்த்துப் பேசாமல் இருக்க முடியாத சுபாவம் உள்ளவர்களுக்கு இந்த நாற்காலி மிகவும் கடினமானது. பலர் உள்ளுக்குள் நொறுங்கிப்போகிறார்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் தமிழில் பேசி, தமிழில் படிவம் நிரப்பித் தரும் உத்தியோகத்தர் ஒருவர் மேசையில் இருந்தாலே அன்று பல வயோதிபர்கள் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையைத் தருகிறது. எதிரே தமிழ் தெரிந்தவர் இருந்தால்தான் அந்த உரிமை நடைமுறைக்கு வரும்.

தொண்டு நிறுவனம்: நடையின் பலம்

கொழும்பில் இந்தத் துறைக்கு ஆழமான வேர் உண்டு. 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீட்டுத் திட்டக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் சமூக அபிவிருத்தி மன்றங்கள் இயங்கின. அந்தக் காலத்தின் பிள்ளைகளாக 1989இல் மகளிர் வங்கியும் செவனத்த என்ற தொண்டு நிறுவனமும் உருவாயின. பெண்கள் சிறு குழுவாகக் கூடி வாரா வாரம் சேமித்து, அந்தச் சேமிப்பிலிருந்தே கடன் கொடுத்துக்கொள்ளும் முறையை இன்றும் கற்றுக்கொள்ளலாம்.

இங்கே நுழையப் பட்டம் கட்டாயமில்லை. சிங்களம், தமிழ் இரண்டும் சரளமாக வர வேண்டும். மாலை நேரத்திலும் ஞாயிறு, போயா தினங்களிலும் வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும். ஏனென்றால் நகரத்துக்கு உழைக்கப் போனவர்கள் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள்.

கள வேலையின் உச்சமான பகுதி குடியிருப்பு வரைபடம். இரண்டு பேர் வீட்டு வாசல்களுக்கு வரிசையாக இலக்கமிட வேண்டும். ஒருவர் படிவம் நிரப்ப, தோட்டத்து ஆள் ஒருவர் கூடவே நடக்க வேண்டும். வீட்டு இலக்கம், ஆதனவரி இலக்கம் இருந்தால் அது, உள்ளே எத்தனை குடும்பம், யார் உரித்தாளர், யார் வாடகைக்கு, எத்தனை வருடம், கையில் என்ன காகிதம் என்று ஒரு வீட்டுக்கு இருபது நிமிடமாவது பிடிக்கும். ஒவ்வொரு காகிதத்தையும் அங்கேயே போனில் படம் எடுத்து, கோப்புக்கு வீட்டு இலக்கத்தையே பெயராக வைக்க வேண்டும். வெள்ளம் ஒரு இரவில் அந்தப் பையை அள்ளிக்கொண்டு போகலாம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொழும்பின் தாழ்ந்த பகுதிகள் முழுவதும் நீரில் நின்றதை மறக்க முடியாது. வரைபடம் முடிந்ததும் அதைத் தோட்டத்தார் முன்னால் விரித்து வாசித்துத் திருத்த வேண்டும். இதைத் தவிர்த்தால் வாடகைக் குடும்பங்கள் விடுபட்டுப்போகும். உரித்தாளர் அவர்கள் பெயரைச் சொல்ல மாட்டார்.

குறைகளை மறைக்கக் கூடாது. வேலை ஒப்பந்த அடிப்படையில்தான், நிதி நின்றால் வேலையும் நிற்கும். "மூன்று வருடத் திட்டம்" என்று தோட்டத்துக்குள் போகிறவர் கடைசி ஆறு மாதம் அடுத்த முன்மொழிவை எழுதுவதிலேயே கழிப்பார். மக்கள் தங்கள் பிரச்சினையை இறக்கி வைத்த பிறகு நிறுவனம் போய்விடுவதுதான் இந்த வழியின் பெரிய காயம். அடுத்து வருகிற நல்ல நிறுவனத்துக்கும் கதவு திறக்காது. வேலைக்குச் சேருமுன் நேர்முகத்தில் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: திட்டம் முடிந்த பிறகு வரைபடமும் கோப்புகளும் யாரிடம் இருக்கும்? தோட்டத்துச் சங்கத்திடம் ஒரு பிரதி இருக்கும் என்று சொல்லும் இடத்தில் சேரலாம்.

சட்டம்: நாளின் பலம்

இந்த வழியைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும். குடும்பங்கள் இங்கேதான் தோற்கின்றன, அதுவும் பெரும்பாலும் நாள் தவறியதால்.

கதவில் ஒட்டிய கடிதம் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமையை மீளப் பெறல்) சட்டத்தின் கீழ் வந்திருந்தால், அது வெளியேறக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். அந்த நாள் கடந்தால் அதிகாரி நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிப்பார். அழைப்பாணை வந்து மன்றில் நிற்கும்போது, 9ஆம் பிரிவின்படி குடும்பம் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: அரசு எழுத்தில் தந்த, இன்னும் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் அல்லது அதிகாரம். ஐம்பது வருடம் வாழ்ந்தோம், பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள் என்பதெல்லாம் அந்த மன்றில் எடுபடாது. அதிகாரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கவும் நீதவானுக்கு அந்தச் சட்டம் இடம் தரவில்லை.

எனவே அந்த மங்கிய அட்டை என்ன என்பதை 30 நாளுக்குள் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். அது அரசு தந்த அனுமதியாக இருந்தால் நீதவான் மன்றிலேயே நிற்கலாம். இல்லையென்றால் போக வேண்டிய இடம் மேன்முறையீட்டு நீதிமன்றம். அறிவித்தலே சட்டத்துக்கு முரண் என்று எழுத்தாணை (ரிட்) கோர வேண்டும். காணி தங்களுடையது என்று உரிமை கோருகிறவர்களுக்கு, வெளியேற்றக் கட்டளை வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அரசுக்கு எதிராக உரிமை வழக்குத் தொடர 12ஆம் பிரிவு வழி தருகிறது. இந்த மூன்று கதவும் மூடிய பிறகுதான் பல குடும்பங்கள் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு வந்து சட்டத்தரணியைத் தேடுகின்றன.

அடிப்படை உரிமை மனு என்றால் மீறல் நடந்து ஒரு மாதம்தான் கணக்கு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. தேதி முத்திரை குத்திய பிரதியைக் கையில் வாங்காமல் அங்கிருந்து நகரக் கூடாது.

தனியார் வாடகையில் வேறு நாள்கள். அட்வான்ஸ் முடிந்துவிட்டது என்று வீட்டுக்காரர் பலவந்தமாகப் பூட்டை மாற்றிவிட்டால், பொலிஸில் "இது சிவில் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில், சமாதானக் குலைவு ஏற்படக்கூடிய காணித் தகராறுகளுக்கு இடம் உண்டு. வழக்கு மன்றுக்கு வருவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் மீண்டும் உள்ளே போகக் கட்டளை பெறலாம். இங்கே காணி உறுதி யாரிடம் இருக்கிறது என்பது கேள்வியே இல்லை. யார் குடியிருந்தார் என்பதுதான் கேள்வி. அதனால்தான் கரண்ட் பில் இங்கே பொன்னாகிறது. மறுபக்கம், 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீட்க வீட்டுக்காரருக்கு மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான வழியைத் திறந்திருக்கிறது. எழுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிற வாடகைக்காரர் இனி அதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும்.

சட்டத்தரணியாகும் வழி நீளம். சட்டக் கல்லூரி என்றால் நுழைவுப் பரீட்சை, மூன்று வருடம், பிறகு ஆறு மாதப் பயிற்சி. திறந்த பல்கலைக்கழகச் சட்டப் பட்டம் என்றால் நாவலயில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஆனால் சட்டக் கல்லூரி இறுதிப் பரீட்சையையும் தாண்டியே சத்தியப்பிரமாணம். அதன் பிறகும் தோட்டத்து வழக்கை மட்டும் செய்து ஒரு வீட்டை நடத்த முடியாது. சட்ட உதவி ஆணைக்குழுவில் பதவி கிடைக்க வேண்டும், அல்லது உறுதி எழுதுகிற வேலையில் சம்பாதித்து இதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். மனசாட்சியுள்ள பலர் இரண்டாவது வழியில்தான் நிலைத்து நிற்கிறார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நாள்களை எண்ணவும், காகிதத்தை வகைப்படுத்தவும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதவும் தெரிந்த உதவியாளர் ஒரு தோட்டத்துக்கு ஒரு சட்டத்தரணியை விட அவசரமாகத் தேவை. "எங்கள் தோட்டத்துக்கான கணக்கெடுப்புப் பட்டியலின் பிரதியும், கணக்கெடுப்பு முடிந்த தேதியும் தருக" என்று தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும்.

திட்டமிடல்: மேலிருந்து பார்க்கும் மேசை

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட நகரத் திட்டமிடல் பட்டம். அதன் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபை, அல்லது வெளிநாட்டுக் கடனில் நடக்கும் திட்டங்களில் மீள்குடியேற்ற நிபுணர் வேலை. 2019இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி அனுமதித்த கொழும்பு நகர மீளுருவாக்கத் திட்டம் போன்றவற்றில் மீள்குடியேற்றத் திட்டமும் முறைப்பாட்டுக் குழுவும் நிபந்தனையாகவே வரும். அங்கே எழுதப்படும் ஒரு வரி ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தொடும்.

அந்த வரி தவறினால் என்ன நடக்கும் என்பதை மாடிகளில் பார்க்கலாம். "வீட்டுக்கு வீடு" என்று எழுதினால், நாம் பார்த்த மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே பிளாட்தான். முதல் கட்டத்தில் கட்டிய மாடி வீடுகள் 400 சதுர அடி அளவில் இருந்தன. அதற்குள் மூன்று அடுப்பு எப்படி எரியும்? கணக்கெடுப்பு வார நாளில் பகலில் நடந்தால், பூட்டியிருந்த வீடுகள் பட்டியலில் விடுபடும். இறுதித் தேதிக்குப் பிறகு எழுத முடியாது. வாசலில் இடியப்பம் விற்ற பெண் பன்னிரண்டாம் மாடிக்குப் போனால் வருமானம் அன்றே நிற்கும், ஆனால் பராமரிப்புக் கட்டணம் மாதா மாதம் வரும். வனாத்தமுல்லவில் 2001இல் முடிந்த சஹஸ்புர மாடிக் குடியிருப்பின் 671 வீடுகளிலிருந்து இந்த நகரம் கற்றுக்கொள்ள நிறைய நேரம் இருந்தது.

ஆனாலும் இதை முதல் தெரிவாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. தோட்டத்தில் ஒரு மழைக்காலமாவது நடந்து வேலை செய்யாதவர் கையில் பென்சில் கொடுத்தால், படிக்கட்டின் அகலத்தைப் பிரேதப்பெட்டி திரும்பும் அளவுக்குப் போட வேண்டும் என்பதுகூட நினைவுக்கு வராது.

தெருவில் இருப்பவரும் மருத்துவமனையும்

இப்போது புறக்கோட்டை வாங்குக்கு வருவோம். 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் அமுலில் இருக்கிறது. பொலிஸ் பிடித்து நீதவான் முன் நிறுத்தினால், ஆணென்றால் ரிதியகம தடுப்பு இல்லத்துக்கும் பெண்ணென்றால் கங்கொடவில மெத்செவன தடுப்பு இல்லத்துக்கும் போக நேரலாம். மனநோயோடு தெருவில் இருப்பவர் அங்கொட தேசிய மனநல நிறுவகத்துக்கு வருவார். குணமான பிறகு போக வீடு இல்லை, கூட்டிப்போக ஆளில்லை என்பதால் வார்ட்டிலேயே தங்கிவிடுகிறவர்கள் உண்டு. அவருடைய பழைய ஊரைக் கண்டுபிடித்து, அக்காவுக்கோ தம்பிக்கோ பேசி, மாத்திரை ஒழுங்காகக் கிடைக்க அருகிலுள்ள கிளினிக்கில் பதிந்து, அடையாள அட்டை எடுத்துக் கொடுக்கும் வேலை மனநல சமூகப் பணியாளருடையது. ஒருவருக்கே மாதங்கள் ஆகும். திரும்பவும் தெருவுக்கே வந்துவிடுவார், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எண்ணிக்கையில் வெற்றி தேடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. பொறுமைசாலிகளுக்கு இதைவிடத் தேவையான வேலை கொழும்பில் இல்லை.

இந்தப் பணிக்குச் சமூகப்பணிப் படிப்பு அத்தியாவசியம். சீதுவவில் இருக்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் இரண்டு வருட டிப்ளோமாவும் நான்கு வருடப் பட்டமும் உண்டு. கொழும்பிலிருந்து 240 பஸ்ஸில் போகலாம். டிப்ளோமாவைத் தமிழிலும் படிக்க முடிந்திருக்கிறது. சேருமுன் அந்த வருடம் தமிழ்மொழி வகுப்பு நடக்கிறதா என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

உடனே சம்பளம் தேவைப்படும் வீட்டுப் பிள்ளை, சிங்களம் நன்றாகப் பேசும் என்றால், தொண்டு நிறுவனக் கள வேலையில் தொடங்கி, டிப்ளோமாவைச் சேர்த்துப் படித்து, 35 வயதுக்குள் கிராம உத்தியோகத்தர் பரீட்சைக்குத் தோற்றுவது எங்கள் பார்வையில் மிகப் பொருத்தமான ஏணி. களத்தில் வரைபடம் போட்டவர் அந்தக் கையெழுத்து மேசைக்குப் போனால் அதன் பெறுமதியே வேறு. வாதம் செய்யப் பிடித்தவர், வீட்டில் ஆறேழு வருடம் தாங்குவார்கள் என்றால், சட்டம். அப்படியானவரும் முதல் வருடமே ஒரு தோட்டத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சிங்களம் தடுமாறுகிறவர்கள் எந்த வழிக்கும் முன்னதாக ஆறு மாதம் அதற்கே செலவழியுங்கள். பேச்சு மட்டும் போதாது. கதவில் ஒட்டிய அறிவித்தலை வாசித்து, சட்டத்தின் பெயரையும் தேதியையும் பிரித்தெடுக்கும் அளவுக்கு வாசிப்பு வேண்டும்.

சமூகப்பணி மாணவராகக் களப்பயிற்சி இடம் கேட்கும்போது கொழும்பு அல்லது திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தைக் கேளுங்கள். கிடைத்தால் முதல் வாரமே ஜி.எஸ். ஒருவரோடு நடந்து, ஒரே ஒரு குடும்பத்தின் பொலித்தீன் பையை முழுதாகப் பிரித்து, ஒவ்வொரு காகிதத்துக்கும் பின்னால் அது எந்த மேசையில் செல்லும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூலப் பிரதியில் பேனா படக் கூடாது.